எண்ணிப் பார்த்த மனிதர்

தங்கள் அன்றாட வாழ்வைத் தாங்களே அளந்து பார்த்துக்கொள்ளும் வழக்கம் ஜப்பானியரிடம் வேரூன்றிய ஒன்று. வாழ்க்கை நிறைவளிக்கிறதா, வருமானம் போதுமானதாக இருக்கிறதா, ஓய்வு கிடைக்கிறதா என்று அந்நாட்டு அரசு பல பத்தாண்டுகளாகத் தன் குடிமக்களிடம் கேட்டு வருகிறது. பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1960 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, மக்கள் எப்போது எழுகிறார்கள், எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள், எவ்வளவு நேரம் தொலைக்காட்சியின் முன் அமர்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறது. 1976 முதல் அரசின் புள்ளியியல் துறையும் மக்களின் நேரப் பயன்பாட்டையும் பொழுதுபோக்கையும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை ஆராய்கிறது.

இத்தகைய ஆய்வுகள் முறையாகத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, கையில் பென்சிலும் தாளுமாக டோக்கியோ வீதிகளில் நின்று மக்களின் வாழ்வைக் கணக்கெடுத்த ஒருவர் உண்டு. அவர் பெயர் கோன் வாஜிரோ. ஜப்பானிய மரபுப்படி கோன் என்பது குடும்பப் பெயர். அவரது முறை இன்றைய கருத்துக்கணிப்புகளிலிருந்து ஒரு வகையில் முற்றிலும் வேறுபட்டது. மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட என்ன உடுத்துகிறார்கள், எதைச் சுமந்து செல்கிறார்கள், எங்கே அமர்கிறார்கள் என்பதையே அவர் முதன்மையாகக் கருதினார். கேட்பதைக் காட்டிலும் காண்பதை அவர் நம்பினார்.

கோன் வாஜிரோ 1888-ஆம் ஆண்டு ஜப்பானின் வடபகுதியில், பனி மிகுந்த அவோமோரி மாகாணத்தின் ஹிரோசாக்கி நகரில் பிறந்தார். அவருடைய தம்பி கோன் ஜுன்சோவும் பின்னாளில் ஓவியராகப் பெயர் பெற்றவர். டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் வடிவமைப்புக் கலை பயின்று 1912-இல் வெளிவந்த கோன், அதே ஆண்டில் வாசேதா பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறையில் உதவியாளராகச் சேர்ந்தார். 1920-இல் பேராசிரியரானார். கட்டடக்கலையைக் கற்பித்தபோதும் மாளிகைகளும் கோயில்களும் அவரை ஈர்க்கவில்லை. உழவர் குடில்களே ஈர்த்தன.

ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலின் தந்தை எனப் போற்றப்படும் யனகிதா குனியோவுடன் இணைந்து அவர் சிற்றூர்களைச் சுற்றினார். கூரையின் சரிவு, அடுப்பின் இடம், நீர்க்குடம் இருக்கும் மூலை, கருவிகள் தொங்கும் ஆணி என அனைத்தையும் வரைந்தார். 1922-இல் வெளிவந்த ஜப்பானிய நாட்டுப்புற வீடுகள் பற்றிய அவரது நூல் இன்றும் அத்துறையின் முதல் நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அதே 1922-இல் அவர் கொரியாவுக்கும் சென்றார். அங்குள்ள குடியிருப்புகளை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தது, அந்நாட்டை அடிமைப்படுத்தியிருந்த ஜப்பானியக் காலனி அரசு. ஆளும் கூட்டம் தன் ஆளுகைக்கு உட்பட்டவர்களின் வீட்டை அளக்கும்போது அந்த அளவை வெறும் அறிவுத்தேடலாக மட்டும் இருப்பதில்லை. கோனின் வாழ்க்கையைப் போற்றுவோரும் மறந்துவிடக் கூடாத பக்கம் இது. யார் யாரை, யாருக்காக அளக்கிறார்கள் என்னும் கேள்வி எல்லாக் கணக்கெடுப்புகளுக்கும் பொதுவானது.

1923 செப்டம்பர் 1. நண்பகலுக்குச் சற்று முன்னர் கான்டோ நிலநடுக்கம் டோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் உருக்குலைத்தது. நடுக்கத்தைத் தொடர்ந்து மூண்ட தீயில் நகரம் எரிந்தது. ஏறத்தாழ 1,05,000 பேர் மாண்டனர். ஹோஞ்சோ பகுதியில் ராணுவ உடைக் கிடங்கு இருந்த திடலில் மட்டும், அடைக்கலம் தேடி வந்த சுமார் 38,000 பேர் தீக்கு இரையாயினர். அந்நாள்களில் கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவி, குற்றமற்ற கொரியர்கள் ஆயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டதும் அந்நகர வரலாற்றின் ஆறாத வடு.

சாம்பல் மேட்டில் மனிதர்கள் மீண்டும் வாழத் தொடங்கினர். கருகிய தகரத்தையும் அரைகுறையாக எரிந்த மரத்துண்டுகளையும் கொண்டு குடிசைகள் முளைத்தன. கோன் அக்குடிசைகளை ஒவ்வொன்றாக வரைந்தார். நாகரிகம் துடைத்தெறியப்பட்ட இடத்தில் மனிதன் முதலில் எதைச் செய்துகொள்கிறான் என்பதைக் காணும் அரிய வாய்ப்பாக அவர் அதைக் கண்டார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, தற்காலிகக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வண்ணம் தீட்டி அழகூட்டும் குழு ஒன்றையும் அமைத்தார். கட்டடக்கலைஞர் சிலர் இதைக் குறை கூறினர். ஆயினும், எல்லாம் இழந்தவனுக்கும் அழகு தேவை என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை.

நகரம் வேகமாக உருமாறியது. பழையது திரும்பவில்லை. புதியது நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தது. நூறாண்டுக்கு முந்தைய மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய அறிஞர்கள் பாடுபடுகிறார்கள். கண்ணெதிரே கடந்து செல்லும் இன்றைய வாழ்வை யார் பதிவு செய்வது? இக்கேள்வியிலிருந்து பிறந்ததே அவரது புதிய துறை. தொல்லியல் பழமையை ஆராய்கிறது. தன் துறை நிகழ்காலத்தை ஆராய்வது என்பதால், ஜப்பானிய மொழியில் தொல்லியலைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி அதற்குக் கோகென்காகு என்று பெயரிட்டார். தமிழில் அதை இந்நாளியல் எனலாம். எஸ்பெராண்டோ மொழியில் மொடெர்னோலோஜியோ என்றும் ஒரு பெயர் சூட்டினார்.

1925-ஆம் ஆண்டின் தொடக்கக் கோடையில், மேடை வடிவமைப்பாளரான யோஷிதா கென்கிச்சியுடனும் இளம் உதவியாளர்களுடனும் அவர் கின்சா வீதியில் இறங்கினார். டோக்கியோவின் மிக நாகரிகமான கடைவீதி அது. நடந்தபடியே எதிரில் வருவோரைக் கூர்ந்து நோக்கி, உடை, தொப்பி, காலணி, கழுத்துப்பட்டை, மீசை, சிகையலங்காரம் என ஒவ்வொன்றையும் தனித்தனித் தாள்களில் குறித்தனர். முடிவுகள் ஃபுஜின் கோரோன் என்ற மகளிர் இதழின் ஜூலை இதழில் படங்களுடன் வெளியாயின.

அவற்றுள் ஓர் எண் வாசகர்களை நிமிர வைத்திருக்கும். ஆண்களில் 67 விழுக்காட்டினர் மேலை நாட்டு உடையில் இருந்தனர். பெண்களிலோ 99 விழுக்காட்டினர் கிமோனோவில் இருந்தனர். மேலை உடை அணிந்த பெண் நூற்றுக்கு ஒருவரே.

இந்த எண்ணின் பொருளை உணர அக்காலச் சூழலை நினைவில் கொள்ள வேண்டும். குட்டை முடியும் குட்டைப் பாவாடையுமாக வலம்வரும் புதுமைப் பெண்ணைப் பற்றி ஜப்பானிய இதழ்கள் பேசத் தொடங்கியிருந்த நேரம் அது. அடுத்த சில ஆண்டுகளில் அப்பேச்சு ஓங்கி, மோகா என்ற சுருக்கப் பெயரும் நிலைத்தது. பண்பாடு சீரழிகிறதே எனச் சிலர் கவலைப்பட்டனர். விடுதலை பிறக்கிறது எனச் சிலர் மகிழ்ந்தனர். ஆனால், நாட்டின் மிகப் புதுமையான வீதியிலேயே அந்தப் புதுமைப் பெண் நூற்றில் ஒருத்தியாகத்தான் இருந்தாள். எஞ்சிய 99 பேர் எவர் கண்ணிலும் படாமல் நடந்து கொண்டிருந்தனர். உரத்துப் பேசப்படுவது வேறு, உள்ளபடி இருப்பது வேறு என்பதை ஒரு பென்சில் காட்டிவிட்டது.

ஒரு வீதியைக் கொண்டு ஒரு நாட்டை அறிய முடியாது என்பதையும் கோன் உணர்ந்திருந்தார். எனவே அதே ஆண்டிலேயே, நிலநடுக்கத்தில் மிகுந்த இழப்புக்குள்ளான ஹோஞ்சோ, ஃபுக்காகவா பகுதிகளின் ஏழைக் குடியிருப்புகளுக்குச் சென்றார். கின்சாவின் சீமாட்டியை எந்தக் கவனத்துடன் வரைந்தாரோ, அதே கவனத்துடன் கூலித் தொழிலாளியின் மேலாடையையும், மலிவு விலைக் கடைகளில் விற்கும் பண்டங்களையும் அவற்றின் விலையையும் பதிந்தார். நகரின் மேற்கே வளர்ந்து வந்த நடுத்தர மக்களின் புறநகரையும் விட்டுவைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் நகரம் முழுமையாகத் தெரிந்தது. மக்கள் என்ற சொல்லுக்குள் யாரையெல்லாம் சேர்ப்பது என்பதே கணக்கெடுப்பின் முதல் அறம்.

பின்னர் அவரது ஆர்வம் எல்லையற்று விரிந்தது. புதுமணத் தம்பதியின் வீட்டில் உள்ள பொருள்கள் அனைத்தையும் அவை இருக்கும் இடத்துடன் வரைந்தார். மாணவர் விடுதி அறையின் உடைமைகளைப் பட்டியலிட்டார். உணவகக் கிண்ணங்கள் எப்படி விளிம்புடைகின்றன, உடைகள் எவ்விடத்தில் முதலில் கிழிகின்றன என்றும் ஆராய்ந்தார். இனோகஷிரா பூங்காவுக்கு உல்லாசமாக வரும் குடும்பங்கள் எப்படிக் குழுமி அமர்கின்றன என்பதும், அதே பூங்காவில் மனமுடைந்தோர் உயிர் மாய்த்துக்கொண்ட இடங்களும் அவரது பதிவுகளில் உண்டு. மகிழ்ச்சியும் துயரமும் ஒரே நிலத்தில் நிகழ்வதை அவர் மறைக்கவில்லை.

1927-இல் ஷின்ஜுகுவில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த கினோகுனியா புத்தகக் கடையில் இப்பதிவுகளைக் காட்சிக்கு வைத்தார். 1930-இலும் 1931-இலும் அவை நூல்களாயின. மகளிர் இதழிலும் புத்தகக் கடைச் சுவரிலும் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. யாரைக் கணக்கெடுத்தாரோ, அவர்கள் கைக்கே அந்தக் கணக்கு திரும்பச் சென்றது. நிகழ்கால நகரத்தின் மீதான இந்த நாட்டம், ஊர்ப்புற மரபைத் தேடிய யனகிதாவிடமிருந்து அவரை விலக்கியது.

கோனின் சமகாலத்தவரான கொந்தா யசுனோசுகேயின் வாழ்க்கையை இங்கே அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். திரைப்படக் கொட்டகைகளையும் அசாகுசா கேளிக்கைப் பகுதியையும் நேரில் ஆராய்ந்து, ஜப்பானியப் பொழுதுபோக்கு ஆய்வுக்கு அடித்தளமிட்டவர் அவர். மக்களின் கேளிக்கை மேலிருந்து போதிக்கப்படுவதன்று, அவர்களது வாழ்விலிருந்தே முளைப்பது என்று 1920-களில் வாதிட்ட அவரே, போர்க்காலத்தில் அரசு நெறிப்படுத்தும் தேசியக் கேளிக்கையை ஆதரித்து எழுதினார். 1942-இல் ஜெர்மனியின் நாஜிக்கள் நடத்திய ஓய்வுநேர அமைப்பைப் பற்றி நூலே வெளியிட்டார். மக்களின் நேரப் பயன்பாட்டை என்.எச்.கே. முதன்முதலில் விரிவாகக் கணக்கெடுத்ததும் 1941-இல், போர்ச் சூழலில்தான். மக்கள் எப்படி மகிழ்கிறார்கள் என்று அறியும் ஆவல், எப்படி மகிழ வேண்டும் என்று ஆணையிடும் ஆவலாக மாற அதிக காலம் தேவைப்படுவதில்லை.

கோன் 1930-களில் பெரும்பாலும் வடகிழக்கு ஜப்பானின் ஏழை உழவர்களின் வீடுகளை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டார். யமகாத்தா மாகாணத்தின் ஷின்ஜோவில், பனிப்பொழிவுப் பகுதிகளின் உழவர் வாழ்வை ஆராயும் நிலையத்துக்கான கட்டடத்தை அவரே வடிவமைத்தார். போருக்குப் பின் அவரது இந்நாளியல், வாழ்வியல் என்னும் துறையாகக் கனிந்தது. உழைப்பும் அதற்கு ஈடான ஓய்வும் மட்டுமே கொண்டது முதல் நிலை வாழ்வு. அதனுடன் கேளிக்கை சேர்வது இரண்டாம் நிலை. கல்வியும் பண்பாடும் சேர்வது அடுத்த நிலை என்பது அவர் வகுத்த படிமுறை. கேளிக்கையை வீண் என்று தள்ளாமல் மனித வாழ்வின் ஓர் அங்கமாக ஏற்றது அதன் சிறப்பு.

கொள்கையைத் தம் உடையிலும் கடைப்பிடித்தார். பல்கலைக்கழகம், விழா என எங்கு சென்றாலும் எளிய மேற்சட்டையான ஜம்பரையே அணிந்தார். சடங்குக்காக உடுத்துவதை அவர் ஏற்கவில்லை. நாற்பதாண்டுகள் ஜம்பர் அணிந்த அனுபவத்தையே 1967-இல் ஒரு நூலாக்கினார். 1959-இல் வாசேதாவிலிருந்து ஓய்வு பெற்ற அவர், 1972-இல் தொடங்கப்பட்ட ஜப்பான் வாழ்வியல் கழகத்தின் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டு, தம் 85-ஆம் வயதில் மறைந்தார். அவரது ஓவியங்களும் குறிப்பேடுகளும் இன்று டோக்கியோவின் கோகாகுயின் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1986-இல் கலைஞர் அகசெகவா கென்பெய், கட்டடக்கலை வரலாற்றாசிரியர் புஜிமோரி தெருநோபு உள்ளிட்டோர் தொடங்கிய வீதி நோக்கர் கழகம் அவரது வழியில் நடந்ததே.

கண்ணால் காண்பதற்கு எல்லை உண்டு. கிமோனோ அணிந்த அந்த 99 பெண்களில் எத்தனை பேர் விருப்பத்துடன் அணிந்தனர், எத்தனை பேருக்கு வேறு வழியில்லை என்பதைப் பென்சில் சொல்லாது. அதற்கு அவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். அதனால்தான் இன்றைய ஆய்வுகள் கேட்கின்றன. ஆனால், கேட்கப்படும் கேள்விக்குள் கேட்பவரின் எண்ணம் ஒளிந்திருக்கும் என்பதையும், சொல்லும் பதில் எப்போதும் செய்யும் செயலாகாது என்பதையும் கோனின் தாள்கள் நினைவூட்டுகின்றன.

இன்று நம் ஒவ்வோர் அசைவும் கைப்பேசியின் வழியே எண்ணப்படுகிறது. என்ன பார்க்கிறோம், எத்தனை மணித்துளி பார்க்கிறோம், எங்கே நிற்கிறோம் என்பதெல்லாம் கணக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்கு நம்மிடம் திரும்பி வருவதில்லை. நம்மிடம் எதையேனும் விற்பதற்கே பயன்படுகிறது. தாம் எடுத்த கணக்கை வழிப்போக்கர் எவரும் காணும்படி புத்தகக் கடைச் சுவரில் மாட்டி வைத்தார் ஜம்பர் அணிந்த அந்தப் பேராசிரியர். நம்மைப் பற்றிய கணக்கு நம் கண்ணில் பட வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.