வாழைச் சருகில் வந்த ரப்பர் விதைகள்

நெல்லும் உளுந்தும் நன்றாகக் காய்ந்தால்தான் அடுத்த பட்டம்வரை தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பலா, மா, நாவல் கொட்டைகள் இதற்கு நேர்மாறானவை; காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். ரப்பர் விதையும் இந்த ரகம்தான். அதைக் கடல் கடந்து உயிரோடு சேர்த்தவர் ஹென்றி விக்காம்.

லண்டனில் 1846-ல் பிறந்த விக்காம், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் தொப்பிக்கடை நடத்தினார். தொப்பிக்கான பறவை இறகு தேடி 20 வயதில் மத்திய அமெரிக்கா சென்றார். 1871-ல் குடும்பத்துடன் பிரேசிலின் சாண்டரெம் ஊரில் குடியேறி விவசாயம் செய்தார். தாயார் அங்கேயே இறந்தார்.

1873-ல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கு வந்த சுமார் 2,000 ரப்பர் விதைகளில் முளைத்தவை ஒரு டஜன்தான். கல்கத்தாவுக்கு அனுப்பிய கன்றுகளும் பிழைக்கவில்லை. அதன்பின் விக்காமுக்கு 1,000 விதைக்கு 10 பவுண்டு விலை பேசப்பட்டது.

1876-ல் தப்பாஜோஸ் ஆற்றங்கரைக் காடுகளில் பழங்குடி மக்களின் உதவியோடு சுமார் 70,000 விதைகளைத் திரட்டினார். பாயில் பரப்பி, நிழலில் மெதுவாக மேல் ஈரத்தை மட்டும் போக்கினார். பிரம்புக் கூடைகளில் காட்டு வாழைச் சருகு ஓர் அடுக்கு, விதை ஓர் அடுக்கு என வைத்தார். காற்றோட்டத்துக்காகக் கூடைகளைக் கப்பலில் கட்டித் தொங்கவிட்டார். ஜூன் மாதம் கியூ வந்ததும் உடனே விதைத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் முளைத்தவை சுமார் 2,700. அதாவது 100-க்கு 4.

அவற்றில் 1,900-க்கும் மேற்பட்ட கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. ஹெனரத்கொடை தோட்டத்தில் வளர்ந்த அந்த மரங்களின் வாரிசுகளே ஆசிய ரப்பர் தோட்டங்களுக்கு அடித்தளம். ஆனால் பிரேசிலின் ரப்பர் வணிகம் சரிந்தது. விக்காமும் ஆஸ்திரேலியா, ஹோண்டுராஸ், நியூகினியா என அலைந்து நட்டப்பட்டார். 1920-ல் சர் பட்டம் கிடைத்தது, 1928-ல் காலமானார்.

இன்று டெல்லியிலுள்ள தேசிய தாவர மரபுவள மையத்தில், இத்தகைய விதைகளின் முளைக்கருவை மட்டும் பிரித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் காக்கும் வசதி உண்டு. முழுக் கொட்டையை அப்படி வைக்க முடியாது.

ஆகவே பலா, மா, நாவல் கொட்டைகளைச் சதை நீக்கிக் கழுவி, நிழலில் மேல் ஈரம் போக்கி, சில நாட்களுக்குள் விதையுங்கள். தாமதமானால் லேசான ஈரமுள்ள மணலிலோ தென்னை நார்க்கழிவிலோ வைத்திருங்கள். வெயில், குளிர்சாதனப் பெட்டி இரண்டும் ஆகாது.

கொட்டையில் முளைக்கும் பலாவும் பெரும்பாலான நம் மாங்கன்றுகளும் தாய்மரத்தைப் போலவே காய்ப்பதில்லை. நத்தத்து நாட்டு மாவோ, சிறுமலைப் பலாவோ நல்ல மரமாக இருந்தால், வெட்டும் முன் ஒட்டுக்குச்சி எடுத்து இரண்டு கன்றாவது கட்டி நடுங்கள். இந்த மரங்களைப் பொறுத்தவரை உங்கள் தோட்டமே விதை வங்கி.