மேரக்ஸ் நோய்: கோழிக்கு வந்த வியாதிக்குப் பெயர் தந்த டாக்டர் யார்?

பல்லடம், உடுமலைப் பக்கம் தாய்க்கோழியாக வளரப்போகும் ஒருநாள் குஞ்சுக்கு, பொரிப்பகத்திலேயே கழுத்தில் ஊசி போட்டுவிடுவார்கள். எதுக்கு தெரியுமா? மேரக்ஸ் நோய் வராமல் இருக்கத்தான். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஹங்கேரி கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக்.

யார் இவர்?

1868-ல், இன்றைய ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். புடாபெஸ்ட் கால்நடைக் கல்லூரியில் படித்து, அங்கேயே பேராசிரியர் ஆனார். ஃபெரென்ஸ் ஹுட்டிராவுடன் சேர்ந்து இவர் எழுதிய கால்நடை நோய்கள் பற்றிய பாடநூல் பல மொழிகளுக்குப் போனது.

1907-ல் கால், இறக்கை விளங்காமல் போன நான்கு சேவல்களைப் பற்றி எழுதினார். ஒன்றை அறுத்துப் பார்த்தபோது நரம்புகள் தடித்திருந்தன. நரம்பு அழற்சி என்று குறித்துவைத்தார். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

அவர் பார்க்காதது

மாரெக் 1952-ல் காலமானார். நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது 1960-களில். காரணம் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் என்று தெரிந்தது 1967-ல். 1970 வாக்கில் தடுப்பூசியும் வந்துவிட்டது. இந்த வைரஸ் கட்டிகளையும் உண்டாக்கும் என்பதால், புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி என்ற பெருமை இதற்கு உண்டு.

ஒரே கொட்டகை, ஒரு கோழி மட்டும் தப்புவது எப்படி?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹட், கோல் என்ற இருவர் 1935-லேயே இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். தப்பிய குடும்பங்களை ஒரு பக்கம், அதிகம் செத்த குடும்பங்களை இன்னொரு பக்கம் என்று இனம் பெருக்கினார்கள். சில தலைமுறைகளில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. நோயைத் தாங்கும் சக்தி பரம்பரையில் வருகிறது! மனிதர்களைப் போலக் கோழிக்கும் ரத்த வகைகள் உண்டு. அதில் ‘பி21’ வகை உள்ள கோழிகள் மேரக்ஸை நன்றாகத் தாங்கும், ‘பி19’ கோழிகள் சீக்கிரம் விழுந்துவிடும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

ஊசி இருக்கே, அப்புறம் என்ன?

ஊசி நோயைத் தடுக்கும், வைரஸ் தொற்றுவதைத் தடுக்காது. ஊசி போட்ட கோழியின் இறகுத் தூசியிலும் வைரஸ் பரவும். காலப்போக்கில் வீரியம் கூடிய வைரஸ்களும் வந்துவிட்டன. அதனால் ஊசியோடு பரம்பரையும் முக்கியம். ஆனால் ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சைத் தருவது கம்பெனிதான். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. எந்தப் பரம்பரை என்பதை முடிவு செய்வது அவர் கையில் இல்லை.