ஓவியர் மாலி

ஒருவருடைய உருவத்தை உள்ளவாறே எழுதிக் காட்டுவதற்குக் கைத்திறன் வேண்டும். பென்சிலால் இழுத்த நாலைந்து கோடுகளில் அவரை நம் கண்முன் நிறுத்துவதற்கோ கூரிய நோக்கும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப் பெற்றவர், மாலி என்னும் புனைபெயர் பூண்ட டி. ஆர். மகாலிங்கம். 1930-களில் ஆனந்த விகடன் இதழில் அவர் வரைந்த கேலிச் சித்திரங்கள் தமிழ்நாடெங்கும் புகழ் பெற்றன.

கருநாடக இசைவாணர் பலரை மாலி வரைந்தார். பாடுங்கால் ஒருவர் வாய் திறக்கும் விதம், மற்றொருவர் கை வீசும் விதம் முதலிய தனி இயல்பு ஒன்றையே அவர் தேர்ந்தெடுப்பார்; அதனைச் சற்று மிகுத்துக் காட்டுவார்; ஏனையவற்றை விட்டுவிடுவார். அவ்வாறு விடுவதற்குத் துணிவு வேண்டும். ஒரு கோடு பிழைத்தால், அதனை மறைக்க வேறு கோடு இராது. அவர் படங்களில் நகை உண்டு, பகை இல்லை.

தம் வழி ஒன்றே சிறந்தது என்று மாலி கருதவில்லை. சீனிவாசன் என்னும் இளைஞரின் கை கோயிற் சிற்பங்களை நுணுக்கமாக எழுத வல்லது எனக் கண்டு, அவருக்குச் சில்பி எனப் பெயரிட்டு, அத்துறையிலேயே ஊக்கினார். நகைச்சுவையில் வல்ல கோபாலன், கோபுலு ஆனார். பிறர் முகத்தில் தனி இயல்பைக் கண்ட அதே கண், இளைஞரிடத்தும் அவரவர்க்குரிய ஆற்றலைக் கண்டது.