செப்புத் தகட்டின் மறுபக்கம்

அமெரிக்க சுதந்திரப் போர் என்றதும் பால் ரிவீர் என்ற பெயர் நினைவுக்கு வரும். ஆங்கிலப் பட்டாளம் வருகிறது என்று இரவோடு இரவாகக் குதிரையேறிச் சென்று எச்சரித்த வீரர் அவர். அந்தப் போருக்குப் பண நோட்டு அச்சடித்துக் கொடுத்தவரும் அவரே என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

ரிவீர் 1735-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் பிறந்தார். பிரான்சிலிருந்து சிறுவனாக வந்து குடியேறிய அவருடைய தந்தை ஒரு பொற்கொல்லர். மகனும் அத்தொழிலையே கற்றார். 19 வயதில் தந்தையை இழந்தார். வெள்ளிப் பாத்திரங்கள் செய்ததோடு, செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிட்டும் விற்று வந்தார்.

1770 மார்ச் 5-ந் தேதி பாஸ்டன் தெருவில் ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டதில் 5 பேர் மாண்டனர். அந்தக் காட்சியை ரிவீர் செதுக்கி வெளியிட்டார். ஹென்றி பெல்ஹாம் என்ற ஓவியரின் படத்தைப் பார்த்து, அவர் அனுமதி இல்லாமலே செதுக்கியது அது. பெல்ஹாம் மனம் கொதித்தார். ஆனால் படமோ மக்களின் கோபத்தைக் கிளறிவிட்டது.

சம்பளத்துக்குப் பணம் இல்லை

1775 ஏப்ரல் 18-ந் தேதி இரவு ரிவீரின் குதிரைப் பயணம் நடந்தது. மறுநாள் போர் மூண்டது. பாஸ்டன் ஆங்கிலேயர் வசம் இருந்ததால் அவர் வீடு திரும்ப இயலவில்லை. அருகிலுள்ள வாட்டர்டவுனில் தங்கினார்.

அங்கே கூடிய மாகாண காங்கிரஸ் படை திரட்டியது. வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க நோட்டுகள் தேவைப்பட்டன. அந்தப் பொறுப்பு ரிவீரிடம் வந்தது.

கூரிய உளியால் எழுத்துக்களை இடம் வலமாக மாற்றித் தகட்டில் வெட்ட வேண்டும். பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்த வேண்டும். தொழில் கைவசம் இருந்தது, செம்புதான் அரிதாயிருந்தது. ரிவீர் தம் பழைய தகடுகளை எடுத்தார். துப்பாக்கிச் சூட்டைச் செதுக்கிய அதே தகட்டைத் திருப்பிப் போட்டு, அதன் பின்புறத்தில் நோட்டுகளைச் செதுக்கினார்!

1775 ஆகஸ்டில் வந்த நோட்டில் ஒரு வீரன் நிற்கிறான். ஒரு கையில் வாள். மறு கையில் ஆங்கிலேயரின் பழைய உரிமை சாசனமான மாக்னா கார்ட்டா. அடுத்த ஆண்டு சாசனம் போய், ‘சுதந்திரம்’ என்ற சொல் அந்தக் கைக்கு வந்துவிட்டது.

போர் நீள நீள, காகிதப் பணத்தின் மதிப்பு வீழ்ந்தது. ரிவீரின் உழைப்பு ஓயவில்லை. ஒரு காலத்தில் செம்புக்குத் தவித்த அவர், 1801-ல் கான்ட்டன் என்ற ஊரில் செப்புத் தகடு ஆலை நிறுவினார்.

1818 மே 10-ந் தேதி, 83-வது வயதில் அவர் காலமானார். 1861-ல் வெளிவந்த லாங்ஃபெல்லோவின் கவிதை அவரைக் குதிரை வீரராக உலகறியச் செய்தது. அவருடைய தொழில் திறமைக்கோ அந்தச் செப்புத் தகடே சாட்சி. மாசசூசெட்ஸ் மாகாண ஆவணக் காப்பகம் அதை இன்றும் பாதுகாத்து வருகிறது.