டார்ஜானை எழுதியவர் உருவாக்கிய ‘செவ்வாய் கிரக செஸ்’... கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விகள் என்ன? யார் இந்த எட்கர் ரைஸ் பர்ரோஸ்?

டார்ஜான் என்றதும் கொடியைப் பிடிச்சுக்கிட்டு மரத்துக்கு மரம் தாவுற ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். அவரை உருவாக்கிய எழுத்தாளர் ஒரு செஸ்ஸையும் உருவாக்கினார் என்பது பலருக்குத் தெரியாது. அதுவும் செவ்வாய் கிரகத்தில் ஆடும் செஸ்! பெயர் ‘ஜெட்டான்’. 1922-ல் வந்த ஒரு நாவலின் கடைசியில் அச்சான அதன் விதிகளை வைத்து, இன்றைக்கும் கம்ப்யூட்டரில் ஆடுகிறார்கள்.

தொட்டதெல்லாம் தோல்வி

எட்கர் ரைஸ் பர்ரோஸ் 1875 செப்டம்பர் 1-ம் தேதி அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தார். அப்பா, உள்நாட்டுப் போரில் பங்கேற்ற ராணுவ அதிகாரி. மகனுக்கும் ராணுவ ஆசை. ஆனால் 1895-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் நுழைவுத் தேர்வில் தோற்றுப்போனார். சரி, சாதாரண சிப்பாயாகவாவது இருப்போம் என்று அரிசோனாவில் 7-வது குதிரைப்படையில் சேர்ந்தார். இதயத்தில் கோளாறு என்று டாக்டர்கள் சொல்ல, 1897-ல் அதுவும் முடிந்தது.

அதன் பிறகு அவர் பார்க்காத வேலை இல்லை. அண்ணன்களோட மாட்டுப் பண்ணை, ஆற்று மணலில் தங்கம் தேடும் தொழில், சால்ட் லேக் சிட்டியில் ரயில்வே போலீஸ்... எதுவும் நிலைக்கவில்லை. 1911-ல் பென்சில் சீவும் கருவியை விற்கும் தொழிலில் இருந்தபோது வயது 35. மனைவி எம்மா, இரண்டு குழந்தைகள், கையில் காசு இல்லை.

மலிவு விலைக் கதைப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்த பர்ரோஸுக்கு, இதைவிட நல்லாவே நம்மால எழுத முடியுமே என்று தோன்றியது. பழைய கம்பெனி லெட்டர்பேடுகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். செவ்வாய்க்குப் போய்ச் சேரும் ஜான் கார்ட்டர் என்ற ராணுவ வீரரின் கதை அது. இப்படியொரு கதை எழுதினால் ஊர் பைத்தியக்காரன்னு சொல்லுமே என்ற பயத்தில், தனக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று பொருள் வரும்படி ‘நார்மல் பீன்’ எனப் புனைபெயர் வைத்தார். அச்சில் அது ‘நார்மன் பீன்’ ஆகிவிட்டது! 1912-ல் ‘ஆல் ஸ்டோரி’ பத்திரிகை இந்தக் கதைக்குக் கொடுத்தது 400 டாலர். அதே ஆண்டு அக்டோபரில் அதே பத்திரிகையில் டார்ஜான் வந்தார். அடுத்து நடந்தது உலகத்துக்கே தெரியும். 1919-ல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே பெரிய பண்ணையை வாங்கி அதற்கு ‘டார்ஜானா’ என்று பெயர் வைக்கும் அளவுக்கு வசதி வந்தது.

ஜெட்டான் எப்படி ஆடுவது?

1921-ல் எழுதி, அடுத்த ஆண்டு வெளியான நாவல் ‘தி செஸ்மென் ஆஃப் மார்ஸ்’. இதில் மனடோர் என்ற நகரத்தில் உயிருள்ள மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடுவார்கள். ஒரு கட்டம் யாருக்கு என்பதை வாள் சண்டைதான் முடிவு செய்யும்.

கதைக்கு இது போதும். பெரும்பாலான எழுத்தாளர்கள் இதோடு விட்டிருப்பார்கள். ஆனா பர்ரோஸ், வீட்டில் உட்கார்ந்து ஆடுவதற்கான விதிகளையும் தனியாக எழுதி நாவலின் பின்னால் சேர்த்தார். 10-க்கு 10 என 100 கட்டங்கள், கறுப்பும் ஆரஞ்சும். ஒரு பக்கத்துக்கு 20 காய்கள். நம்ம செஸ் ராணி மாதிரி நேராக ஓடிக்கொண்டே இருக்கும் காய் இங்கே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் இத்தனை கட்டம் என்று கணக்கு உண்டு, போகிற வழியில் திரும்பவும் செய்யலாம். ‘துவார்’ என்ற காய் நேர்க்கோட்டில் 3 கட்டம் போகும். ‘தலைவன்’ எந்தத் திசையிலும் 3 கட்டம். இளவரசிக்கு எதிராளியை வெட்டும் உரிமை இல்லை. ஆனால் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை 10 கட்டம் தாண்டித் தப்பி ஓடலாம்.

இளவரசியைப் பிடித்தால் வெற்றி. தலைவனைத் தலைவன் வெட்டினாலும் வெற்றி. வேறு ஏதாவது காய் தலைவனை வெட்டினால்? ஆட்டம் டிரா! தோற்கப்போகிறவர் தன் சின்னக் காயைக் கொடுத்தாவது தலைவனை வெட்டித் தப்பிக்கப் பார்ப்பார் என்பதால், இது பெரிய ஓட்டை மாதிரி தெரியும். ஆனால் செவ்வாய்வாசிகள் பணம் கட்டித்தான் ஆடுவார்கள், வெட்டுப்பட்ட காய்க்கெல்லாம் விலை உண்டு என்பதையும் பர்ரோஸ் எழுதியிருக்கிறார். அப்படி ஆடினால் டிராவிலும் ஒருவருக்குப் பணம் போகும். இதை விட்டுவிட்டுப் பார்த்தால்தான் விதி அபத்தமாகத் தெரியும்.

லெவன்வொர்த் சிறையில் இருந்த கைதி ஒருவர், விதிகளைப் படித்து ஜெட்டான் காய்களைத் தானே செய்து ஆடி, அதைப் பர்ரோஸுக்குக் கடிதமாகவும் எழுதினார்.

கம்ப்யூட்டரில் என்ன சிக்கல்?

இரண்டு பேர் எதிரெதிரே ஆடும்போது சந்தேகம் வந்தால் பேசித் தீர்த்துக்கலாம். கம்ப்யூட்டருக்கு அது முடியாது. 1998-ல் வெளியான ‘ஜில்லியன்ஸ் ஆஃப் கேம்ஸ்’ என்ற மென்பொருளில், ஒரு விளையாட்டின் விதிகளைக் கோப்பாக எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதை ஆடும். ஜெட்டானையும் அதில் எழுதினார்கள். அப்போதுதான் பர்ரோஸ் விட்டுவைத்த இடைவெளிகள் பெரிதாகத் தெரிந்தன.

உதாரணத்துக்கு, 3 கட்டம் போகும் துவார் முழுசாக 3 கட்டமும் போயே ஆகணுமா, இல்லை நடுவில் நின்றுக்கலாமா? காலிப் பலகையின் நடுவில் நிற்கும் துவார், 3 கட்டமும் கட்டாயம் என்றால் 16 இடங்களுக்குத்தான் போக முடியும். முன்னாடியே நிற்கலாம் என்றால் 24 இடங்கள். இந்த ஒரு வார்த்தைக்கு ஆட்டமே மாறிவிடுகிறது. இன்னொன்று, இரு பக்கமும் சம மதிப்புள்ள மூன்று காய்களோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சி, அடுத்த 10 நகர்த்தலில் முடிவு வராவிட்டால் டிரா. ஆனால் எந்தக் காய்க்கு என்ன மதிப்பு என்ற பட்டியலை அவர் தரவே இல்லை.

கேட்கவும் ஆள் இல்லை. 1941-ல் பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது ஹவாயில் இருந்த பர்ரோஸ், 66 வயதில் போர்ச் செய்தியாளரானவர். 1950 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை, என்சினோவில் மாரடைப்பால் இறந்தார். கம்ப்யூட்டரைச் செஸ் ஆட வைப்பது எப்படி என்று கிளாட் ஷானன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அச்சில் வந்ததும் அதே மார்ச் மாதம்தான்.

அதனால் ஜெட்டானைக் கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்கள் பர்ரோஸ் விட்ட இடத்தை ஆளுக்கொரு விதமாக நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆட உட்காருவதற்கு முன், அந்தப் பதிப்பில் துவார் நடுவழியில் நிற்குமா நிற்காதா என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.