'மன்கட்' அவுட் தெரியும்... வினு மன்கட் யார்? சேப்பாக்கத்தில் 8 விக்கெட் சாய்த்தவரின் கதை

2019 ஐபிஎல்லில் நம்ம அஸ்வின், பந்து வீசும் முன்பே கோட்டை விட்டு வெளியே போன ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தார். அன்று இரவு முழுக்க ஒரே வார்த்தைதான்: மன்கட். அது ஒரு மனிதரின் பெயர். அதுவும் சென்னை மறக்கக்கூடாத பெயர்.

1917 ஏப்ரல் 12, ஜாம்நகரில் பிறந்தவர் முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். 'வினு' என்பது செல்லப் பெயர். இடது கை சுழற்பந்து, வலது கை பேட்டிங். 1946 இங்கிலாந்து பயணத்தில் ஆயிரம் ரன்னையும் தாண்டினார், 100 விக்கெட்டையும் தாண்டினார்.

பேஸ்பாலில் நோ-ஹிட்டர் என்று ஒன்று உண்டு. 9 இன்னிங்ஸ் முழுக்க எதிரணியில் ஒருத்தர்கூட அடித்து பேஸ் சேரக் கூடாது. 1956 உலகத் தொடரில் டான் லார்சன் 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். கிரிக்கெட்டில் ரன்னே கொடுக்காமல் ஒரு இன்னிங்ஸை முடிப்பதெல்லாம் நடக்காத காரியம். ஆனால் ஒரே பந்துவீச்சாளர் ஒரு அணியையே கட்டிப்போட்ட நாள்கள் உண்டு. அப்படி ஒன்று 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.

20 வருஷமாக டெஸ்ட் ஆடியும் இந்தியா ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அது 25-வது டெஸ்ட். எதிரணி இங்கிலாந்து. மன்கட் வீசியது 38.5 ஓவர், கொடுத்தது வெறும் 55 ரன், எடுத்தது 8 விக்கெட். அதில் 4 பேர் ஆசைப்பட்டு இறங்கிவந்து விக்கெட் கீப்பர் சென்னிடம் ஸ்டம்பிங் ஆனவர்கள். வாட்கின்ஸ் கேட்ச்சைப் பிடித்தது சென்னைப் பையன் சி.டி.கோபிநாத். இரண்டாவது இன்னிங்ஸில் மன்கட்டுக்கு மேலும் 4 விக்கெட். இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் முதல் வெற்றி!

அதே வருஷம் லார்ட்ஸில் 72, 184 என இரண்டு இன்னிங்ஸிலும் அடித்தார். முதல் இன்னிங்ஸில் 73 ஓவர் வேறு வீசினார். இந்தியா தோற்றது. ஆனால் அந்த ஆட்டத்தை இன்றும் அவர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். 1956-ல் மறுபடி சென்னை, இந்த முறை கார்ப்பரேஷன் ஸ்டேடியம். பங்கஜ் ராயுடன் தொடக்க ஜோடியாக 413 ரன், அதில் மன்கட் மட்டும் 231. அந்த சாதனை உடைய 52 வருஷம் ஆனது.

அப்புறம் ஏன் கெட்ட பெயர்?

1947 நவம்பர், சிட்னி. ஒரு பயிற்சி ஆட்டத்தில் பில் பிரவுன் முன்கூட்டியே ஓடினார். மன்கட் முதலில் எச்சரித்தார். பிரவுன் கேட்கவில்லை. அடுத்த முறை ஸ்டம்பைத் தட்டினார். டிசம்பர் 13-ல் அதே மைதானத்தில் டெஸ்ட். பிரவுன் மறுபடியும் கிளம்ப, மன்கட் மறுபடியும் தட்டினார். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. எதிரணி கேப்டன் டான் பிராட்மேனே மன்கட் செய்ததில் தப்பில்லை என்று பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார்.

விதி புத்தகத்தில் இருந்தது ஒன்று, 'ஜென்டில்மேன்' மரபு சொன்னது வேறொன்று. பேஸ்பாலிலும் இதே பஞ்சாயத்து உண்டு: நோ-ஹிட்டர் நெருங்கும்போது பந்தை லேசாகத் தட்டிவிட்டு ஓடினால் விதிப்படி சரிதான், ஆனாலும் திட்டு விழும். மன்கட் விஷயத்தில் ஒரு கூடுதல் அநியாயம். ஓடியவர் பிரவுன், வசைச்சொல்லாக மாறியது மன்கட் பெயர்.

44 டெஸ்ட், 2,109 ரன், 162 விக்கெட். 1978 ஆகஸ்ட் 21-ல் மும்பையில் காலமானார். 2021-ல் ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது. 2022 அக்டோபர் முதல் இந்த அவுட், 'நியாயமற்ற ஆட்டம்' பிரிவிலிருந்து சாதாரண ரன் அவுட் பிரிவுக்கு மாறிவிட்டது.

இந்தியாவில் 19 வயதுக்குட்பட்டோருக்கான மாநில அணிகளின் ஒருநாள் தொடருக்கு வினு மன்கட் டிராபி என்றுதான் பெயர். காரைக்கால் பையன் ஒருத்தன் புதுச்சேரி ஜூனியர் அணியில் இடம் பிடித்தால், அவன் ஆடப்போவதும் அந்தக் கோப்பைக்காகத்தான்.