முயலை இழந்தவர் எலியைப் படைத்தார்

எலி என்றால் நம்மில் யாருக்குப் பிடிக்கும்? வீட்டில் அரிசி மூட்டையைக் கடிக்கும். தோட்டத்தில் செம்பனைப் பழத்தைத் தின்னும். கண்டால் விரட்டுவோம், பொறி வைப்போம். ஆனால் ஒரே ஓர் எலியை மட்டும் நம் பிள்ளைகள் புத்தகப் பையிலும் பென்சில் பெட்டியிலும் ஆசையாகச் சுமந்து திரிகிறார்கள். அதுதான் மிக்கி மவுஸ். அதைப் படைத்த வால்ட் டிஸ்னியின் வாழ்க்கையை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அது வெறும் வேடிக்கைக் கதை அல்ல. உழைப்பு ஒருவருடையது, உரிமை யாருடையது என்று கேட்கும் கதை.

வால்ட் டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தார். தகப்பனார் இலியாஸ் தொட்ட தொழில் எதுவும் நிலைக்கவில்லை. 1906-இல் மார்சலின் என்ற சிற்றூரில் பண்ணை வைத்துப் பிழைத்தார்கள். ஆடு, மாடு, கோழி, பன்றி என்று சுற்றிலும் பிராணிகள். சிறுவன் வால்ட் அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தான்.

பண்ணையும் கைவிட்டுப் போகவே, 1911-இல் குடும்பம் கான்சாஸ் சிட்டிக்கு வந்தது. தகப்பனார் பத்திரிகை விநியோகத்தை எடுத்து நடத்தினார். வால்ட்டும் அண்ணன் ராயும் விடியுமுன் எழுந்து, பனியிலும் மழையிலும் வீடு வீடாகப் பத்திரிகை போட்டார்கள். அதற்குச் சம்பளம்? வால்ட்டுக்குத் தகப்பனார் ஒரு காசும் கொடுக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் பையனுக்குத் தூக்கம் தூக்கமாக வரும். பெற்றோருக்குப் பால்வெட்டில் ஒத்தாசை செய்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் உலகப் போரின் முடிவில் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து பிரான்சில் வண்டி ஓட்டிய வால்ட், 1919-இல் ஊர் திரும்பி ஓவிய வேலைக்குப் போனார். அங்கே அப் ஐவர்க்ஸ் என்ற ஓவியர் நண்பரானார். இருவருக்கும் ஒரே வயது. 1922-இல் வால்ட் சொந்தமாகக் கார்ட்டூன் படக் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருடமே அது திவால்! கையில் சுமார் 40 அமெரிக்க வெள்ளியோடு ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார். 1923 அக்டோபரில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து புதிய கம்பெனி தொடங்கினார்கள். ஐவர்க்சும் பின்னர் வந்து சேர்ந்துகொண்டார்.

1927-இல் ஆஸ்வால்ட் என்ற முயலை வைத்துப் படங்கள் எடுத்தார்கள். நல்ல பெயர். அந்தத் தெம்பில் 1928-இன் தொடக்கத்தில் வால்ட் நியூயார்க் போய், படங்களை வாங்கி விநியோகித்த சார்ல்ஸ் மின்ட்ஸ் என்பவரிடம் கூடுதல் பணம் கேட்டார். கூட்டிக் கொடுப்பதற்குப் பதில் மின்ட்ஸ் குறைத்துத்தான் கொடுப்பேன் என்றார். வால்ட்டின் ஓவியர்களில் பெரும்பாலோரை அவர் ஏற்கெனவே தம் பக்கம் இழுத்துவிட்டார். ஒப்பந்தத்தின்படி முயலும் யுனிவர்சல் கம்பெனியின் சொத்து. வரைந்தது ஒரு பக்கம், உரிமை மறுபக்கம். அந்த எழுத்தின் பொருள் அன்றைக்குத்தான் வால்ட்டுக்கு முழுதாக உறைத்தது.

உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. புதிதாக ஒரு பிராணி வேண்டுமென்று யோசித்ததில் பிறந்ததுதான் எலி. வால்ட் முதலில் மார்ட்டிமர் என்று பெயர் வைத்தாராம். மனைவி லில்லியனுக்கு அது பிடிக்காமல் மிக்கி என்று மாறியதாம். எலியின் உருவத்தை வரைந்தவர் விசுவாசமாகக் கூடவே நின்ற ஐவர்க்ஸ். வட்டத் தலை, வட்டக் காது, வட்ட வயிறு. வட்டம் என்றால் சீக்கிரம் வரையலாமல்லவா? முதல் படத்திற்கு நாளொன்றுக்கு 700 படங்கள் வரை அவர் வரைந்து தள்ளினார்.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடினால்தான் அசைவு இயல்பாகத் தெரியும். அப்படியானால் 7 நிமிடப் படத்துக்கு எத்தனை? 10,080! ஒரே ஓவியத்தை இரண்டு முறை படம்பிடித்தாலும் ஐயாயிரம் வரைய வேண்டும்.

முதல் இரண்டு படங்களையும் வாங்க ஆள் இல்லை. அப்போதுதான் சினிமா பேசத் தொடங்கியிருந்தது. மூன்றாவது படமான ஸ்டீம்போட் வில்லிக்கு வால்ட் ஒலி சேர்த்தார். இசையும் அசைவும் பொருந்தாமல் முதல் ஒலிப்பதிவு வீணாயிற்று. தம் மோட்டார் காரையே விற்று மறுபடி பதிவு செய்தார். 1928 நவம்பர் 18-இல் நியூயார்க்கில் படம் வெளிவந்தது. எலி ஒரே நாளில் ஊரறிந்த பிள்ளையாகிவிட்டது.

தொடக்கத்தில் மிக்கி பொல்லாத வாலு. பிராணிகளின் வாலை இழுத்து வம்பு செய்யும். பிள்ளைகள் அதன்மேல் உயிரை வைக்க வைக்க, அதுவும் நல்ல பிள்ளையாக மாறியது. கரிய உடம்பில் கரிய கை தெரியாததால் 1929-இல் வெள்ளைக் கையுறை வந்தது. 1935-இல் வண்ணம் வந்தது. 1939-இல் கண்ணுக்குள் கருமணி வந்தது. சுமார் 1947 வரை மிக்கிக்குக் குரல் கொடுத்தவர் வால்ட்டேதான்.

இனி ஒரு கசப்பான செய்தியையும் சொல்லத்தான் வேண்டும். 1937-இல் ஸ்னோ ஒயிட் என்ற முழுநீளப் படம் பெரும் வெற்றி பெற்றது. பிறகு போர் வந்து வருமானம் குறைந்தது. ஓவியர்கள் நியாயமான சம்பளமும் சங்கமும் கேட்டார்கள். சங்கத்தில் முன்நின்றவர்களை வால்ட் வேலையைவிட்டு நிறுத்தினார். 1941 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. முடிவில் கம்பெனி சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. முயலைப் பறிகொடுத்து வயிறெரிந்தவர், தம்மிடம் உழைத்தவர்களின் வயிற்றெரிச்சலை அறியாமல் போனாரே! பெரிய மனிதரிடமும் எல்லாமே பின்பற்றத்தக்கதாக இருப்பதில்லை.

1955-இல் டிஸ்னிலாந்து என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்த வால்ட், புகைப் பழக்கம் உள்ளவர். 1966 டிசம்பர் 15-இல் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். இழந்த அந்த முயல் 2006-இல்தான் டிஸ்னி கம்பெனிக்குத் திரும்பியது. ஸ்டீம்போட் வில்லியின் பழைய மிக்கியோ 2024 முதல் அமெரிக்கச் சட்டப்படி எல்லோருக்கும் பொதுச் சொத்து.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம், நமக்கு எங்கே என்று நினைக்க வேண்டாம். மலேசியாவின் முதல் கார்ட்டூன் படமாகப் பேசப்படும் ஹிக்காயாட் சாங் கன்சில் 1983-இல் வெளிவந்தது. அந்தச் சருகுமான் கதையைச் சித்திரமாக உருவாக்கியவர், ஃபிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் என்பவர்.

பெற்றோர்களே, நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் உங்கள் பிள்ளை எதையாவது வரைந்திருந்தால் கோபப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள். தனித்தாள் ஒன்று கொடுத்து வரையச் சொல்லுங்கள். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் படித்துப் பொருள் தெரிந்தபின் போடவும் பழக்குங்கள். வரைந்து முடித்ததும் அடியில் தன் பெயரையும் தேதியையும் பிள்ளையே எழுதட்டும். அது அவனுடைய உழைப்பு, அவளுடைய உழைப்பு.